பக்கத்து வீட்டில் வல்லரசு! சின்ன நாடு என்ன செய்ய வேண்டும்?

2014-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 27-ந் தேதி.

ஐரோப்பாவில், பால்டிக் கடல் ஓரத்தில், கிளைபேடா என்று ஒரு துறைமுகம். அன்று அங்கே பெருங்கூட்டம். பலருடைய கைகளில் தேசியக் கொடி. எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு கப்பல் வந்தது. அதன் நீளம் 294 மீட்டர். அதாவது, ஏறக்குறைய 1,000 அடி!

அதை வரவேற்க நாட்டின் ஜனாதிபதியே வந்திருந்தார். அவர் ஒரு பெண்மணி. பெயர், டாலியா கிரிபவுஸ்கைட்டே.

வெளிநாட்டு மன்னர் யாரும் அந்தக் கப்பலில் வரவில்லை. போரில் வென்று வந்த கப்பலும் அல்ல. அது ஒரு கியாஸ் கப்பல். அடுப்பு எரிக்கவும், வீட்டைச் சூடாக்கவும், தொழிற்சாலையை ஓட்டவும் பயன்படுகிறதே, அந்த எரிவாயுவைச் சேர்த்து வைக்கும் கப்பல்!

அதன் பெயர் "இண்டிபெண்டன்ஸ்". சுதந்திரம் என்று அர்த்தம்.

கியாஸ் கப்பலுக்கு ஏன் சுதந்திரம் என்று பெயர் வைத்தார்கள்?

இதற்கு விடை தெரிந்துகொண்டால், இன்னொரு பெரிய கேள்விக்கும் விடை கிடைக்கும். பலமும் செல்வமும் மிகுந்த ஒரு நாடு பக்கத்திலேயே இருக்கிறது. அது நண்பனும் அல்ல. அதனோடு ஒரு சின்ன நாடு எப்படிக் காலம் தள்ளுவது? பணிந்து போவதா? மோதிப் பார்ப்பதா?

யானைக்குப் பக்கத்தில்

அந்தச் சின்ன நாட்டின் பெயர் லிதுவேனியா. பரப்பளவில் தமிழ்நாட்டில் சரிபாதி. மக்கள் தொகை 30 லட்சத்துக்கும் குறைவு. சென்னை நகரில் வாழ்கிறவர்கள் அதைவிட அதிகம்!

அதன் அண்டை நாடு ரஷியா. உலகிலேயே பெரிய நாடு. மக்கள் 14 கோடிக்கு மேல். அணுகுண்டுகள் உண்டு. பூமிக்கு அடியில் எண்ணெய் உண்டு. கியாசோ, உலகில் வேறு எந்த நாட்டிலும் இல்லாத அளவுக்கு உண்டு.

லிதுவேனியாவின் ஒரு பக்கத்தில் கலினின்கிராட் என்ற ரஷியப் பகுதி இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் ரஷியாவின் தோழனான பெலாரஸ் இருக்கிறது.

1940-ல் லிதுவேனியாவை சோவியத் ரஷியா விழுங்கியது. இடையே சில ஆண்டுகள் ஹிட்லரின் படை அங்கே இருந்தது. அது போன பிறகு, மறுபடியும் சோவியத் ஆட்சிதான். இப்படி 50 ஆண்டுகள் கழிந்தன.

அந்த நாட்டின் குளிரையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜனவரி மாதத்தில் ஏரிகள் உறைந்துபோகும். வீட்டுக்குள் கதகதப்பு இல்லாவிட்டால் குழந்தைகளும் முதியவர்களும் தாங்க மாட்டார்கள்.

அதனால் நகரங்களில் பெரிய பெரிய கொதிகலன்கள் வைத்திருக்கிறார்கள். அங்கே தண்ணீரைச் சூடாக்கி, குழாய் வழியாக வீடு வீடாக அனுப்புகிறார்கள். வெந்நீர் ஓடும்போது அறை சூடாகிறது.

அந்தக் கொதிகலன்கள் கியாசில் எரிந்தன. கியாஸ் ரஷியாவில் இருந்து வந்தது. வேறு எங்கிருந்தும் வர வழி இல்லை.

ஓர் ஊரில் ஒரே ஒரு மளிகைக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசியும் அங்கேதான். பருப்பும் அங்கேதான். கடைக்காரருக்கும் உங்களுக்கும் பழைய வாய்க்கால் தகராறு. அவர் சொன்னதுதான் விலை. அவர் கோபித்துக்கொண்டால், உங்கள் வீட்டில் அன்று உலை கொதிக்காது.

லிதுவேனியாவின் நிலைமை அதுதான்.

குழாயை மூடினார்கள்!

1990-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி, "இனி நாங்கள் சுதந்திர நாடு" என்று லிதுவேனியா அறிவித்தது. சோவியத் ரஷியாவின் தலைவராக அப்போது இருந்தவர் கோர்பசேவ். அறிவிப்பை வாபஸ் வாங்கும்படி அவர் எச்சரித்தார். லிதுவேனியா கேட்கவில்லை.

ஏப்ரல் 18-ந் தேதி எண்ணெய்க் குழாய் மூடப்பட்டது. கியாஸ் வருவதும் வெகுவாகக் குறைக்கப்பட்டது.

பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. வீடுகளுக்கு வெந்நீர் நின்றது. தொழிற்சாலைகள் முடங்கின. ஒரு துப்பாக்கிக் குண்டுகூட வெடிக்கவில்லை. ஆனால் நாடு தத்தளித்தது.

ஜூன் மாதக் கடைசியில், சுதந்திர அறிவிப்பை 100 நாள் நிறுத்தி வைக்க லிதுவேனியா ஒப்புக்கொண்டது. அதன் பிறகே குழாய் திறந்தது.

பிறகு 1991-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி, தலைநகர் வில்னியசில் சோவியத் டாங்கிகள் புகுந்தன. டெலிவிஷன் கோபுரத்தைக் காக்க மக்கள் வெறுங்கையோடு நின்றார்கள். 14 பேர் உயிர் இழந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் லிதுவேனியாவின் சுதந்திரத்தை மாஸ்கோ ஒப்புக்கொண்டது.

கொடி ஏறியது. நாடாளுமன்றம் வந்தது. ஆனால் குழாயின் திருகு இன்னும் ரஷியாவின் கையில்தான் இருந்தது.

முதல் பாடம்: எண்ணெய்

லிதுவேனியாவில் மஜெய்கியாய் என்ற ஊரில் ஒரு பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. ரஷியக் குழாய் வழியாக வரும் கச்சா எண்ணெயை நம்பியே அது கட்டப்பட்டது.

1990-ல் பட்ட அடியை லிதுவேனியா மறக்கவில்லை. பூட்டிங்கே என்ற கடற்கரையில் ஓர் எண்ணெய் நிலையம் அமைத்தது. கப்பலில் எண்ணெய் ஏற்றலாம், இறக்கலாம். 1999-ல் அது வேலை தொடங்கியது.

"ரஷியாவில் இருந்துதான் குழாயிலேயே எண்ணெய் வருகிறதே! கடலோரத்தில் எதற்கு இவ்வளவு செலவு?" என்று கேட்கலாம்.

2006-ல் பதில் கிடைத்தது.

அந்த ஆண்டு, மஜெய்கியாய் ஆலையைப் போலந்து நாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு விற்க முடிவாயிற்று. அதை வாங்க ரஷியக் கம்பெனிகளும் ஆசைப்பட்டன. கிடைக்கவில்லை. ஜூலை மாதம் ரஷியக் குழாயில் எண்ணெய் நின்றது. "குழாயில் கசிவு" என்று ரஷியா காரணம் சொன்னது.

கசிவு என்றால் அடைத்துவிட்டுத் திறக்க வேண்டும் அல்லவா? அந்தக் குழாய் பிறகு திறக்கவே இல்லை!

ஆனால் ஆலை மூடப்படவில்லை. பூட்டிங்கே வழியாகக் கப்பலில் எண்ணெய் வந்தது. செலவு கூடியது, உண்மைதான். ஆனால் 1990-ல் போல நாடு மண்டியிடவில்லை.

இரண்டாவது வாசல் இருந்தது. வீடு தப்பியது.

கியாஸ் விஷயத்தில் கோட்டை விட்டார்கள்

எண்ணெயில் விழித்துக்கொண்ட லிதுவேனியா, கியாசில் தூங்கிவிட்டது.

இக்னாலினா என்ற இடத்தில் லிதுவேனியாவுக்கு ஓர் அணு மின் நிலையம் இருந்தது. விபத்து நடந்த செர்னோபில் நிலையத்தைப் போன்ற அமைப்பு. அதை மூடினால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரலாம் என்று நிபந்தனை. 2009-ம் ஆண்டு கடைசி நாளில் அது மூடப்பட்டது.

மின்சாரத்துக்கும் கியாஸ் தேவை அதிகமாயிற்று. கியாஸ் விற்றவர் ஒருவரே. ரஷிய அரசாங்கத்தின் காஸ்புரோம் கம்பெனி.

வேடிக்கை என்ன தெரியுமா? லிதுவேனியாவின் கியாஸ் வினியோகக் கம்பெனியிலும் காஸ்புரோமுக்குப் பங்கு இருந்தது. 100-க்கு 37 பங்கு! விற்பவரும் அவர். வாங்குகிற கம்பெனியில் கூட்டாளியும் அவர். பேரம் பேசும் மேஜையின் இரண்டு பக்கத்திலும் ஒரே ஆள் உட்கார்ந்தால், பேரம் எப்படிப் படியும்?

விலையைப் பாருங்கள். குழாய் வெகுதூரம் போய்ச் சேரும் ஜெர்மனியைவிட, பக்கத்தில் இருக்கும் லிதுவேனியா அதிக விலை கொடுத்தது. 2011-ல் லாட்வியாவுக்கும் எஸ்டோனியாவுக்கும் காஸ்புரோம் தள்ளுபடி கொடுத்தது. லிதுவேனியாவுக்கு மட்டும் இல்லை.

காரணம் ரகசியம் அல்ல. குழாய்களை நடத்தும் தொழிலையும், கியாஸ் விற்கும் தொழிலையும் தனித்தனியாகப் பிரிக்க லிதுவேனியா அப்போது முனைந்திருந்தது. காஸ்புரோமுக்கு அது பிடிக்கவில்லை.

வழக்கும் கப்பலும்

லிதுவேனியா என்ன செய்தது?

2012-ல் அது இரண்டு காரியங்களைச் செய்தது.

ஒன்று, வழக்கு. "எங்களிடம் அநியாய விலை வாங்கினீர்கள். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று, ஸ்டாக்ஹோம் நகரில் உள்ள நடுவர் மன்றத்தில் காஸ்புரோம் மீது வழக்குத் தொடுத்தது.

இன்னொன்று, கப்பல். மிதக்கும் கியாஸ் நிலையம் ஒன்றை 10 ஆண்டு வாடகைக்கு எடுக்க, நார்வே நாட்டுக் கம்பெனி ஒன்றோடு ஒப்பந்தம் செய்தது.

வழக்கின் தீர்ப்பு 2016-ல் வந்தது. லிதுவேனியா கேட்ட பணம் கிடைக்கவில்லை.

கப்பல் 2014-ல் வந்தது. விலை இறங்கியது!

இன்னும் வேடிக்கை, கப்பல் வருவதற்கு முன்பே விலை இறங்கிவிட்டது. கப்பல் தென்கொரியாவில் கட்டி முடிந்து, கிளம்பத் தயாராக இருந்தது. 2014-ம் ஆண்டு மே மாதமே காஸ்புரோம் தன் விலையைச் சுமார் 20 சதவீதம் குறைத்தது. அதே ஆண்டில், வினியோகக் கம்பெனியில் இருந்த தன் பங்கையும் விற்றுவிட்டு வெளியேறியது.

ஊரில் இரண்டாவது கடைக்குப் பந்தக்கால் நட்டதுமே, முதல் கடைக்காரரின் பேச்சு மாறிவிட்டது!

வழக்குப் போடுவது தவறு அல்ல. நியாயத்தைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நியாயம் கேட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக்கூடாது. லிதுவேனியா உட்கார்ந்திருக்கவில்லை.

கப்பலில் கியாஸ் எப்படி வருகிறது?

கியாஸ் காற்றைப் போன்றது. அப்படியே கப்பலில் ஏற்றினால் இடம் போதாது. அதனால் அதை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வைக்கிறார்கள். அப்போது அது தண்ணீர் போல் ஆகிவிடுகிறது. 600 குடம் கொள்ளும் கியாஸ் ஒரே குடத்தில் அடங்கிவிடும்!

சென்னைக்கு அருகே எண்ணூரில் 2019 முதல் இப்படிப்பட்ட கப்பல்கள் வந்து கியாஸ் இறக்குகின்றன. அங்கே தொட்டிகள் கரையில் இருக்கின்றன. கிளைபேடாவில் கப்பலேதான் தொட்டி.

"இண்டிபெண்டன்ஸ்" கப்பல் அந்தத் துறைமுகத்தில் ஒரு சிறு தீவின் ஓரமாக நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்தத் தீவுக்குப் "பன்றி முதுகு" என்று பெயர். வேறு கப்பல்கள் கியாசைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் நின்று ஊற்றுகின்றன. அதற்குள்ளேயே திரவத்தைச் சூடாக்கி, மறுபடியும் கியாசாக மாற்றி, குழாய் வழியாக நாட்டுக்குள் அனுப்புகிறார்கள்.

லிதுவேனியா முழுவதற்கும் அது போதும். அண்டை நாடுகளுக்கும் கொடுக்கலாம்.

ஊரார் குறை சொன்னார்கள்

கப்பல் சும்மா வரவில்லை. வாடகை உண்டு. துறைமுகச் செலவு உண்டு. குழாய்ச் செலவு உண்டு. கியாஸ் வாங்குகிறவர்கள் தலையில் அதற்காகத் தனிக் கட்டணம் விழுந்தது.

முதல் சில ஆண்டுகளில் கப்பலின் சக்தியில் ஒரு பகுதிதான் பயன்பட்டது. ரஷியக் குழாயில் கியாஸ் தாராளமாக வந்துகொண்டிருந்தது. "இவ்வளவு பெரிய கப்பல் தேவைதானா? வீண் செலவு!" என்று பலர் குறை சொன்னார்கள். நாட்டிலேயே அதிக கியாஸ் வாங்கும் உரத் தொழிற்சாலை ஒன்று, கட்டணத்தை எதிர்த்துச் சட்டப் போராட்டமே நடத்தியது.

அவர்கள் குறை சொன்னதில் குற்றம் இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு காசும் பெரிதுதான். காவலுக்கு ஆள் போட்டு, திருடன் வராமல் இருந்தால், "காவல்காரன் எதற்கு?" என்று கேட்கத்தான் தோன்றும்.

ஆனால் அரசாங்கம் பின்வாங்கவில்லை. அதே சமயம் வேறு ஒன்றும் நடந்தது. வெந்நீர்க் கொதிகலன்களை, கியாசுக்குப் பதிலாக மரச் சிராய்களில் எரியும்படி நகரம் நகரமாக மாற்றினார்கள். நாட்டில் காடுகள் அதிகம். மரம் வெட்டும்போது மிஞ்சும் கழிவு எரிபொருள் ஆயிற்று. இன்று வீடுகளைச் சூடாக்கும் வெந்நீரில் பாதிக்கு மேல் இப்படித்தான் வருகிறது.

எதிரியிடம் வாங்குவதைக் குறைக்க, வேறு ஒருவரிடம் வாங்குவது ஒரு வழி. வாங்க வேண்டிய தேவையையே குறைப்பது இன்னும் நல்ல வழி.

திருடன் வந்த இரவு

2022-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி, ரஷியப் படைகள் உக்ரைன் மீது பாய்ந்தன.

மார்ச் மாதக் கடைசியில், "இனி கியாசுக்கு ரூபிள் நாணயத்தில்தான் பணம் கொடுக்க வேண்டும்" என்று ரஷிய அதிபர் புதின் உத்தரவு போட்டார். ஐரோப்பா கலங்கியது.

ஏப்ரல் 2-ந் தேதி லிதுவேனியா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ரஷியாவிடம் கியாஸ் வாங்குவதை அடியோடு நிறுத்திவிட்டதாக அது கூறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்படிச் சொன்ன முதல் நாடு அதுதான்!

சில வாரங்களில் போலந்துக்கும் பல்கேரியாவுக்கும் ரஷியா கியாசை நிறுத்தியது. மே மாதம் பின்லாந்துக்கு நிறுத்தியது.

குறை சொன்னவர்களுக்கு அப்போது கப்பலின் அருமை தெரிந்தது.

பெரிய நாடு பட்ட பாடு

இதே கதையின் மறுபக்கம் ஜெர்மனி.

ஜெர்மனி பெரிய நாடு. பணக்கார நாடு. பொறியியலில் புலி. அங்கே தலைவர்கள் வேறு விதமாக நினைத்தார்கள். "ரஷியாவோடு வியாபாரம் பெருகட்டும். வியாபாரம் பெருகினால் பகை குறையும்" என்பது அவர்கள் எண்ணம்.

அது முட்டாள்தனமான எண்ணம் அல்ல. 1970-ல், இரண்டு பக்கமும் ராணுவங்கள் முறைத்துக்கொண்டு நின்ற காலத்தில், மேற்கு ஜெர்மனி குழாய்களைக் கொடுத்து ரஷிய கியாசை வாங்க ஒப்பந்தம் செய்தது. பல ஆண்டுகள் கியாஸ் தவறாமல் வந்தது. பேச்சு வார்த்தையும் வளர்ந்தது.

தவறு வியாபாரம் செய்ததில் இல்லை. அளவு மீறியதில்தான் இருக்கிறது.

2009-ம் ஆண்டு ஜனவரியிலேயே ஓர் எச்சரிக்கை கிடைத்தது. ரஷியாவுக்கும் உக்ரைனுக்கும் தகராறு. உக்ரைன் வழியாகப் போகும் கியாஸ் ஏறக்குறைய இரண்டு வாரம் நின்றது. பல்கேரியாவில் மக்கள் குளிரில் நடுங்கினார்கள். அப்படியும் ஜெர்மனி, கடலுக்கு அடியில் ரஷியாவில் இருந்து நேரே குழாய் போட்டது. 2011-ல் அதில் கியாஸ் வந்தது. இரண்டாவது குழாயும் 2021-ல் கட்டி முடிந்தது. அந்த ஆண்டு ஜெர்மனி வாங்கிய கியாசில் பாதிக்கு மேல் ரஷிய கியாஸ்!

கப்பலில் வரும் கியாசை இறக்க ஜெர்மனியில் ஒரு நிலையம்கூட அப்போது இல்லை.

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் குழாயில் கியாஸ் குறைந்தது. ஜூலையில் இன்னும் குறைந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் அடியோடு நின்றது. அதே மாதம் 26-ந் தேதி, கடலுக்கு அடியில் குழாய்கள் வெடித்துச் சிதறின.

ஜெர்மனி அலறிப் புடைத்துக்கொண்டு வேலை செய்தது. டிசம்பர் மாதம் வில்ஹெல்ம்ஸ்ஹாவன் துறைமுகத்தில் அதன் முதல் மிதக்கும் கியாஸ் நிலையம் திறக்கப்பட்டது. அங்கே கொண்டுவந்து நிறுத்திய கப்பல், லிதுவேனியாவுக்குக் கப்பல் கொடுத்த அதே நார்வே கம்பெனியுடையது!

லிதுவேனியா 8 ஆண்டுகளுக்கு முன்பு நிதானமாகச் செய்ததை, ஜெர்மனி கடைசி நேரத்தில் மூச்சு வாங்கச் செய்தது.

தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டினாலும் தண்ணீர் வரலாம். ஆனால் அதுவரை நாக்கு வறண்டு கிடக்க வேண்டும்!

அண்டை வீட்டுக்கும் ஒரு செம்பு

லிதுவேனியா தன் வாசலைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கப்பலில் இறக்கிய கியாஸ் லாட்வியாவுக்கும் எஸ்டோனியாவுக்கும் போகிறது. 2022 மே மாதம் போலந்துக்கும் லிதுவேனியாவுக்கும் இடையே புதிய குழாய் திறக்கப்பட்டது. இந்தப் பக்கம் தட்டுப்பாடு என்றால் அந்தப் பக்கத்தில் இருந்து வரும். அந்தப் பக்கம் தட்டுப்பாடு என்றால் இந்தப் பக்கத்தில் இருந்து போகும்.

மின்சாரத்திலும் அப்படியே. சோவியத் காலத்தில் இருந்து, பால்டிக் நாடுகள் மூன்றும் ரஷிய மின்சார வலையில் இணைந்திருந்தன. அந்த வலையின் கட்டுப்பாடு மாஸ்கோவில் இருந்தது. பல ஆண்டுகள் வேலை செய்து, சுவீடனுக்கும் போலந்துக்கும் மின் கம்பி இழுத்தார்கள். 2025-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி மூன்று நாடுகளும் ஒரே நாளில் ரஷிய வலையை விட்டு விலகின. மறுநாள் மற்ற ஐரோப்பிய நாடுகளின் வலையோடு இணைந்தன. வில்னியசில் ஒரு பெரிய கடிகாரம் வைத்து, நேரத்தைக் குறைத்துக் குறைத்துக் காட்டினார்கள்.

ஒற்றைக் குச்சியை ஒடிப்பது எளிது. கட்டாகச் சேர்ந்த குச்சிகளை ஒடிப்பது கடினம்.

லிதுவேனியாவிடமும் ஒரு திருகு உண்டு!

இந்தக் கதையில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

கலினின்கிராட் ரஷியாவுக்குச் சொந்தமானது. ஆனால் ரஷியாவோடு நிலத்தால் ஒட்டாமல், தனியே கிடக்கிறது. ஒரு பக்கம் போலந்து, ஒரு பக்கம் லிதுவேனியா, இன்னொரு பக்கம் கடல். அங்கே லட்சக்கணக்கான ரஷியர்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்குப் போகும் கியாஸ் குழாய் லிதுவேனியா வழியாகத்தான் போகிறது. ரஷியாவில் இருந்து அங்கே போகும் ரெயிலும் லிதுவேனியா வழியாகத்தான் ஓடுகிறது.

அப்படியானால், 1990-ல் ரஷியா செய்ததை, 2022-ல் லிதுவேனியா திருப்பிச் செய்திருக்கலாம் அல்லவா? குழாயை மூடி, "இப்போது தெரிகிறதா?" என்று கேட்டிருக்கலாம் அல்லவா?

செய்யவில்லை!

ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்த சரக்குகளைப் பற்றி 2022-ம் ஆண்டு கோடையில் தகராறு வந்தது. பேச்சு காரமாகவே இருந்தது. ஆனாலும் பயணிகளை ஏற்றிய ரெயில் ஓடியது. தனக்கு ரஷிய கியாஸ் வேண்டாம் என்று சொன்ன பிறகும், தன் மண் வழியாகக் கலினின்கிராடுக்குப் போன கியாசை லிதுவேனியா நிறுத்தவில்லை. குளிரில் நடுங்கப்போவது மாஸ்கோவில் இருக்கும் அதிகாரிகள் அல்ல, கலினின்கிராட் வீடுகளில் இருக்கும் குழந்தைகள்தான்.

இது பயமா? இல்லை. குழாயை மூடினால் ரஷியா சண்டைக்கு ஒரு காரணம் தேடிக்கொள்ளும் என்ற எச்சரிக்கை உண்டு. ஒப்பந்தம் செய்தால் மீறக்கூடாது என்ற நாணயமும் உண்டு. சின்ன நாட்டுக்குப் பெரிய படை இல்லை. அதன் சொல்தான் அதன் படை. அந்தச் சொல்லையும் இழந்துவிட்டால், ஆபத்து வரும்போது உதவிக்கு யார் வருவார்கள்?

எதிரியின் ஆயுதத்தைத் தன்மீது பாயாமல் தடுப்பது வீரம். அதே ஆயுதத்தை எடுத்து எதிரி வீட்டுக் குழந்தைகள் மேல் வீசாமல் இருப்பது அதைவிடப் பெரிய வீரம்.

இலவசமாக எதுவும் இல்லை

லிதுவேனியாவில் பாலும் தேனும் ஓடவில்லை.

2022-ல் கப்பல் கியாசின் விலை உலகம் முழுவதும் விண்ணை முட்டியது. லிதுவேனியாவில் ஒரு கட்டத்தில் விலைவாசி ஒரே ஆண்டில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. குடும்பங்கள் திணறின. கியாஸ் கிடைத்தது. ஆனால் மலிவாகக் கிடைக்கவில்லை.

இன்னோர் ஆபத்தும் உண்டு. இப்போது கிளைபேடாவுக்குக் கியாஸ் பெரும்பாலும் அமெரிக்காவில் இருந்தும் நார்வேயில் இருந்தும் வருகிறது. அவை நட்பு நாடுகள். ஆனாலும் நண்பரின் கடையாக இருந்தாலும், ஒரே கடையை நம்பக்கூடாது. இன்றைய நண்பர் நாளைக்கு விலையை ஏற்ற மாட்டார் என்று யார் கைநீட்டிச் சத்தியம் செய்ய முடியும்? எஜமானரை மாற்றிக்கொள்வது சுதந்திரம் ஆகாது. எஜமானரே இல்லாமல் இருப்பதுதான் சுதந்திரம்.

அதனால்தான் மரச் சிராய் வேண்டும். காற்றாலை வேண்டும். சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுக்க வேண்டும். வீட்டுச் சுவரின் வழியாகச் சூடு வெளியேறாமல் அடைக்க வேண்டும். இவையெல்லாம் பத்திரிகையில் பெரிய எழுத்தில் வராத வேலைகள். ஆனால் ஒரு நாட்டை நிமிர்ந்து நிற்க வைப்பவை இவைதான்.

கும்பிடும் வேண்டாம், கூச்சலும் வேண்டாம்!

பலம் மிகுந்த எதிரியைக் கண்டால் சாதாரணமாக இரண்டு யோசனைகள் சொல்வார்கள்.

"பெரிய இடம். பணிந்து போ" என்பார் ஒருவர். பணிந்து போனால் விலை குறையும் என்று உறுதி இல்லை. இன்று விலையில் பணிந்தால், நாளை சட்டத்தில் பணிய வேண்டும். அதற்கு மறுநாள் எல்லையில் பணிய வேண்டும்.

"விடாதே! மோது!" என்பார் இன்னொருவர். மேடையில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் வீட்டில் அடுப்பு எரியாது.

லிதுவேனியா மூன்றாவது வழியைக் காட்டியது. கையெடுத்துக் கும்பிடவில்லை. கத்தவும் இல்லை. கடலோரத்தில் ஒரு வாசலைத் திறந்தது. தேவையைக் குறைத்தது. அண்டை நாடுகளோடு கைகோத்தது. கொடுத்த வாக்கைக் காத்தது. இதெல்லாம் அமைதிக் காலத்தில், கையில் நேரம் இருக்கும்போதே நடந்தது. அதனால்தான் 2022-ல் நடுங்காமல் "வேண்டாம்" என்று சொல்ல முடிந்தது.

"வேண்டாம்" என்று சொல்ல முடிகிறவரிடம்தான், விற்கிறவர் மரியாதையாகப் பேசுவார். இது சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கும் எல்லோருக்கும் தெரியும். நாடுகளுக்கும் அதே நியாயம்தான்!

கப்பலின் 10 ஆண்டு வாடகைக் காலம் 2024-ல் முடிந்தது. லிதுவேனியா அதைத் திருப்பி அனுப்பவில்லை. விலை கொடுத்துச் சொந்தமாகவே வாங்கிவிட்டது. பன்றி முதுகுத் தீவின் ஓரத்தில் அது இன்றும் நிற்கிறது.

அதில் பீரங்கி இல்லை. சிப்பாய் இல்லை. ஆனால் 1990-ல் வெந்நீர் இல்லாமல் தவித்த தாய்மார்களின் பேரக்குழந்தைகள், இன்று சூடான அறையில் உட்கார்ந்து பாடம் படிக்கிறார்கள்.

கப்பலுக்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்தது சரிதானே?